மதிலில் எழுத எத்தனை நிமிடம்?

எங்கள் பிள்ளைகள் படம் வரைவதில்லை, கீறுகிறார்கள். "வடிவாக் கீறியிருக்கிறாய்" என்றுதான் சித்திர ரீச்சர் கொப்பியைப் பார்த்துச் சொல்வார். சென்னையிலிருந்து வரும் நண்பர்களுக்கு இது வேடிக்கை. அவர்களுக்குக் கீறல் என்றால் காயம். ஆனால் 'கிராஃபிட்டி' என்ற இத்தாலியச் சொல்லின் வேர்ப்பொருளும் கீறல்தான். சுவரில் கூரான எதையாவது வைத்து இழுப்பது. அந்த வகையில் ஈழத்துப் பேச்சுத்தமிழ் இந்தக் கலையின் மூலக் கருவியை இன்னும் மறக்கவில்லை.

கீறலின் மிகப் பழைய, மிகப் பெரிய தொகுப்பு ஒன்றும் இந்தத் தீவில்தான் இருக்கிறது. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வந்து போனவர்கள் கீறிவைத்த சிங்களப் பாடல்களில் 685ஐப் படித்தெடுத்து, 1956இல் செனரத் பரணவிதான நூலாக்கினார். அந்தச் சுவர் சுண்ணாம்புச் சாந்து பூசி, முகம் தெரியுமளவு மெருகேற்றப்பட்டது. மெருகு மேல்தோல்; எழுத்தாணி அதைக் கிழித்தால் உள்ளே மங்கலான சாந்து தெரியும். மை தேவையில்லை, வண்ணம் தேவையில்லை. ஓலையில் எழுதப் பழகிய கைக்கு அது ஓலைபோலவே இருந்திருக்கும். அன்று கீறியவர்கள் இன்று இலக்கிய வரலாறு. 2015இல் அதே சுவரில் தன் பெயரைக் கீறிய ஓர் இளம் தமிழ்ப் பெண்ணுக்கு நீதிமன்றம் 2 ஆண்டுச் சிறை விதித்தது; ஜனாதிபதி மன்னிப்பளித்த பிறகே அவர் வீடு திரும்பினார். புராதனச் சின்னத்தைக் காக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் ஒரே சுவர், ஒரே செயல், இடையில் ஆயிரம் ஆண்டுகள்.

கொழும்பின் மதில்களைப் பார்க்கும்போது, என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எழுதியவருக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன். யாரும் தடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தவர் ஏணியும் வாளியும் கொண்டுவருவார். இருபது விநாடிதான் உண்டு என்று தெரிந்தவர் வீட்டிலேயே வெட்டிய தகட்டைக் கொண்டுவருவார். கருவியைப் பார்த்தால் எழுதியவரின் பயம் எவ்வளவு என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். இந்த நகரத்தில் இன்னொன்றும் உண்டு: எழுதியவர்களைவிட அழித்தவர்களுக்கே எப்போதும் நேரம் அதிகம் இருந்திருக்கிறது.

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் அதிகம் கண்ணில் படுவது எந்தக் கலைஞரின் கைவண்ணமும் அல்ல, டியூஷன் சுவரொட்டி. உயர்தர இரசாயனவியல், பௌதிகவியல், ஆசிரியரின் முகம், தொலைபேசி எண். மாடிக் குடியிருப்பு கட்டுவதற்காக அடைத்த தகரத்தில், மின்கம்பத்தில், பூட்டிய கடையின் இரும்புக் கதவில், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒரு மழைக்காலம் போனபின் அந்தத் தடிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பழைய தோல்போல உரிந்துவரும்: மேலே இந்த வருடத்து வகுப்பு, அதன்கீழ் ஒரு நாட்டிய அரங்கேற்றம், அதன்கீழ் எப்போதோ தோற்ற வேட்பாளர். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் இதோடு திருவிழா அறிவிப்புகளும் கண்ணீர் அஞ்சலிகளும் சேரும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது கோதுமை மா. பசை காய்ச்சுவது ஒரு சமையல் வேலை. மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிண்டவேண்டும். அறுபது பாகை செல்சியஸைத் தாண்டும்போது மாப்பொருளின் மணிகள் நீரை உறிஞ்சி உடைந்து, வெள்ளைக் கூழ் கண்ணாடிபோல ஆகும். அப்போது இறக்கினால் ஒட்டும். அதற்கு முன் இறக்கினால் வெறும் மாக்கரைசல். பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்காமல் இருக்கப் புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். சேர்க்காத சுவரொட்டியை ஆடு வந்து பசையோடு தின்றுவிடும். இது கேலி அல்ல, பழைய கொழும்பின் சில சந்துகளில் இன்றும் நடப்பதுதான்.

ஒட்டும் முறையிலும் ஒரு தொழில் இருக்கிறது. முதலில் சுவருக்குப் பசை, பிறகு தாள், பிறகு தாளின் மேலும் பசை. மேற்பூச்சு காய்ந்தால் தாள் சுவரோடு ஒன்றாகிவிடும், நகத்தால் கிளப்ப முடியாது. ஒருவர் பூச, ஒருவர் ஒட்ட, ஒருவர் வீதியின் இரு முனையையும் பார்த்து நிற்பார். பழகிய கூட்டத்துக்கு ஒரு தாள் அரை நிமிட வேலை. எழுத்தும் படமும் ஏற்கெனவே அச்சகத்தில் முடிந்துவிட்டதால் வீதியில் செலவாகும் நேரம் மிகக் குறைவு. தேர்தல் காலத்தில் கட்சிகள் இந்த முறையை விடாமல் பிடித்திருப்பதற்கு அதுவே காரணம். வேட்புமனு நாளுக்குப் பின் சுவரொட்டிகளைத் தேர்தல் சட்டம் தடைசெய்கிறது. இரவில் ஒட்டுபவருக்கும் பகலில் சுரண்டுபவருக்கும் ஒரே தேர்தல் கூலி கொடுக்கிறது. சுரண்டுபவரைப் பொலிஸ் அமர்த்தும், கையில் கம்பித் தூரிகையும் தண்ணீர் வாளியும் இருக்கும். அவருக்கு அவசரமில்லை.

1987 முதல் 1989 வரை இதே பசைக்கு வேறு முகம் இருந்தது. ஜே.வி.பி.யின் நிழலில் இயங்கிய தேசப்பற்று மக்கள் இயக்கம் கடைகளைப் பூட்டச் சொல்லும் கட்டளைகளைச் சுவரொட்டியாலும் துண்டுக் காகிதத்தாலும் அனுப்பியது. அச்சுக்கூடம் ஆபத்தானது என்பதால் பல கையால் எழுதப்பட்டவை. தூரிகை எழுத்தின் கோணலே அந்தத் தாள்களுக்கு அதிகாரம் கொடுத்தது என்று நினைக்கிறேன். அழகாக அச்சிட்ட மிரட்டலுக்கு யாரும் அவ்வளவு பயப்படமாட்டார்கள்.

கொழும்புத் தமிழரின் நினைவில் தூரிகை என்றால் முதலில் வருவது தார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாகன இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகளின் இடத்துக்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழரசுக் கட்சி அதற்கெதிராகக் கிளம்பியது. 1958இல் அரசுடைமையான பஸ் சேவையின் வண்டிகள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்குப் போனபோது, அங்கே அந்த எழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கிலும் கொழும்பிலும் கும்பல்கள் தார் வாளியோடு கிளம்பிக் கடைப் பலகைகளிலும் வீதிப் பலகைகளிலும் இருந்த தமிழ் எழுத்துகளைப் பூசி அழித்தன. ஏப்ரல் 9ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்கா, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த உடன்படிக்கையைக் கைவிட்டார். மே மாதக் கடைசியில் கலவரம். தார்சி வித்தாச்சி எழுதி அதே ஆண்டு லண்டனில் வெளியான 'எமர்ஜென்சி 58' அந்த மாதங்களின் பதிவு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பொருள்தான். வடக்கில் அழித்தவரும் தெற்கில் அழித்தவரும் எடுத்த கருவி ஏறக்குறைய ஒன்று. வித்தியாசம் யார் பகல் வெளிச்சத்தில், பொலிஸ்காரர் பார்த்திருக்க அதைச் செய்ய முடிந்தது என்பதில். தார் எழுதுவதற்கு ஏற்ற பொருளே அல்ல. சூடாக்கினால்தான் இளகும், தூரிகை மயிரைக் கட்டியாக்கும், நுண்ணிய கோடு வராது. ஒரு 'ழ'வைத் தாரால் எழுத முயன்றவருக்குத் தெரியும், முடிவில் அது ஒரு கரிய உருண்டையாகத்தான் நிற்கும். ஆனால் அழிப்பதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை: ஒரே இழுப்பில் மூடும், மழையில் கரையாது, வெயிலில் இன்னும் ஊறும். வீதி போடும் இடத்தில் பீப்பாயாகக் கிடக்கும், விலை கொடுக்கவும் தேவையில்லை.

இருபத்தொரு வருடம் கழித்து, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எழுதியவர்கள் அதன் 2ஆம் பிரிவில் குற்றங்களைப் பட்டியலிட்டபோது, கொலைக்கும் ஆட்கடத்தலுக்கும் கூடவே, நெடுஞ்சாலையிலோ பொது இடத்திலோ உள்ள பலகையின் சொற்களை அனுமதியின்றி அழிப்பதையும் சிதைப்பதையும் சேர்த்தார்கள். உலகத்தில் வேறு எத்தனை பயங்கரவாதச் சட்டங்களில் பெயர்ப்பலகை இடம்பிடித்திருக்கும் என்று தெரியவில்லை. 1958இன் தார் வாளி அந்த வரியை எழுதியவரின் மனதில் இருந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழர். (இன்று வீதிப் பலகையில் தமிழைச் சிதைக்க யாருக்கும் தார் வேண்டியதில்லை. எழுத்துப்பிழையோடு அரசாங்கமே அச்சடித்துத் தருகிறது.)

போர்க்காலத்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழில் சுவரெழுத்து ஏன் இல்லை என்று இளையவர்கள் கேட்பதுண்டு. இரவு ஒன்பது மணிக்குப் பின் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் பால்மா வாங்கவே போகமுடியாத இடத்தில், கையில் பெயின்ற் டின்னோடு ஒரு தமிழ்ப் பொடியன் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரை பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. எழுதாத மதிலும் ஓர் ஆவணம்தான்.

அந்த ஆண்டுகளின் வீதி ஓவியம் என்று ஏதாவது இருந்தால் அது சோதனைச்சாவடிப் பீப்பாய். வெறுமையான தார்ப் பீப்பாய்களில் மண் நிரப்பி, படையினரின் பச்சை மண்ணிறப் புள்ளி வண்ணம் தீட்டி வீதிக்குக் குறுக்கே வைத்தார்கள். ஓவியர் சந்திரகுப்த தேனுவர அவற்றையே எடுத்தார். 1997இல் அவர் தொடங்கிய 'பெரலிசம்' அந்தப் பீப்பாயையும் அந்தப் புள்ளி வண்ணத்தையும் ஓவியத்துக்குள்ளும் நிறுவல் கலைக்குள்ளும் கொண்டுவந்தது. மறைத்துக்கொள்வதற்கென்று கண்டுபிடித்த வண்ணத்தை, மறைய ஒரு மரமும் இல்லாத நகர வீதியில் பூசுவதில் உள்ள அபத்தத்தை அவர் பார்த்தார். 1983 யூலையை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் யூலையில் கண்காட்சி வைப்பதையும் அவர் வழக்கமாக்கிக்கொண்டார்.

இனி, விநாடிகளின் கருவிக்கு வருவோம். காற்றழுத்த டப்பாவுக்கு நோர்வேக்காரரான எரிக் ரொத்தைம் 1920களில் காப்புரிமை பெற்றார். அதற்குள் பெயின்றை அடைத்தவர் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து எட்வர்ட் சீமோர், 1949இல். வெப்பமூட்டிகளுக்கு அலுமினிய வண்ணம் அடிக்க வழி தேடியவர் அவர். 1960களின் கடைசியில் பிலடெல்பியாவிலும், பிறகு நியூயோர்க்கிலும் பொடியன்கள் அதை எடுத்துத் தங்கள் பெயரை எழுதத் தொடங்கினார்கள். 1971 யூலையில் 'டாக்கி 183' என்று நகரெங்கும் எழுதிய ஓர் இளைஞனைப் பற்றி நியூயோர்க் டைம்ஸ் எழுதியது; அதன்பின் அந்தப் பழக்கம் அடங்கவில்லை.

டப்பாவுக்குள் பெயின்றும் கரைப்பானும், அவற்றோடு திரவநிலையில் எரிவாயுவும் ஒரு சிறு குண்டும் இருக்கும். குலுக்கும்போது கேட்கும் கடகட ஒலி அந்தக் குண்டுதான். இரவு வேலைக்காரர் அடியில் காந்தம் வைத்து அதைப் பிடித்துக்கொள்வார்கள். மூக்கை அழுத்தினால் வாயு விரிந்து பெயின்றைத் தூளாக்கித் தள்ளும். உள்ளே திரவ வாயு ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் டப்பா கையில் சில்லிடும், சில்லிட்டால் அழுத்தம் குறையும், கோடு துப்பத் தொடங்கும். கோட்டின் அகலத்தை மூக்கும் தூரமும் தீர்மானிக்கின்றன. நியூயோர்க்கின் முதல் தலைமுறை வேறு வீட்டுச் சாமான் டப்பாக்களின் மூக்கைக் கழற்றிப் பூட்டித்தான் தடித்த கோட்டைக் கண்டுபிடித்தது. இந்தக் கலைக்கென்றே டப்பா செய்யும் நிறுவனம் பார்சலோனாவில் 1994இல்தான் வந்தது. கொழும்பில் கிடைப்பது மோட்டார் வாகனத்துக்கான ஸ்ப்ரே. பஞ்சிகாவத்தைப் பக்கம் உதிரிப்பாகக் கடைகளில் பம்பருக்கும் மட்காட்டுக்கும் வாங்குவது. உலோகத்தில் மெல்லிய படலமாகப் படியச் செய்த அந்தப் பெயின்ற், சீமெந்துச் சுவரில் உறிஞ்சப்பட்டு மங்கும், இல்லாவிட்டால் வழியும். வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்கத்து மதில் என்றால் உப்பு வேறு. காலையில் கையால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். அதற்குமேல் அடித்த எந்த வண்ணமும் அடுத்த பருவமழையில் செதிலாகக் கழன்றுவிடும்.

இருபது விநாடியிலும் எழுத்து நேராக வரவேண்டும் என்றால் ஸ்டென்சில், அதாவது எழுத்தை வெட்டியெடுத்த தகடு. பாரிஸில் 1981இல் 'பிளெக் ல ரா' என்ற கலைஞர் எலிப் படங்களை ஸ்ப்ரேயால் அடிக்கத் தொடங்கியது இப்படித்தான். எங்கள் பக்கத்தில் போர்ட் எழுதுபவர்கள் பழைய எக்ஸ்றே படலத்தை வெட்டி இதைச் செய்வது நெடுநாள் வழக்கம்: நனையாது, வளையும், கத்திக்கு இசையும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் 'ஓ', 'ஏ' போன்ற சிலவற்றுக்குத்தான் உள்ளே தீவு இருக்கும்; அந்தத் தீவு விழுந்துவிடாமல் ஒரு பாலம் விட்டு வெட்டவேண்டும். தமிழில் தொல்லை அதிகம். ட, ப, ய, ர என்ற எழுத்துகளில் தொல்லை இல்லை. ஆனால் ல, வ, ம, ன, ண எல்லாவற்றிலும் சுழி மூடியிருக்கிறது. 'வெள்ளவத்தை' என்ற பெயரை வெட்டிப் பாருங்கள், கொம்பிலிருந்து கடைசி ஐகாரம் வரை எல்லாவற்றிலும் பாலம் போடவேண்டும். போடாமல் வெட்டினால் சுவரில் விழுவது கண்கள் அடைந்த எழுத்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சுழிகளும் வளைவுகளும் ஓலையின் கொடை: நேர்கோடு போட்டால் ஓலை நரம்போடு கிழியும் என்பதால் எழுத்தாணி வளைந்து ஓடியது என்பார்கள். ஓலை கிழியும் என்று புள்ளியையும் விட்டுவிட்டார்கள். ஸ்டென்சிலிலோ புள்ளிதான் எல்லாவற்றையும்விட எளிது, ஓர் ஆணி அடித்தால் போதும். ஓலையின் வசதிகளெல்லாம் தகட்டின் தொல்லை, ஓலையின் தொல்லை தகட்டின் வசதி. தமிழ் எழுத்தின் எலும்பைப் பிடித்துத் தகட்டுக்கென்று ஒரு வடிவம் செய்ய யாராவது உட்காரவேண்டும். சிங்களத்துக்கும் இதே வட்டச் சிக்கல் இருப்பதால் இருவரும் ஒரே மேசையில் உட்காரலாம்.

2019 நவம்பர் 16ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாகத் தெரிவானார். அடுத்த வாரங்களில் நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு வீதிக்கு வந்தார்கள். சுவரொட்டியும் சிறுநீர்க் கறையும் படிந்த மதில்களைச் சுரண்டிக் கழுவி, வெள்ளை அடித்து, மேலே எமல்ஷன். சிறு படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுவரில் நூலடித்துப் பெருக்கினார்கள். விகாரை ஓவியரும் திரைப்பட பனர் ஓவியரும் பின்பற்றிய பழைய முறை. குளங்கள், மன்னர்கள், பறவைகள், படைவீரர்கள். ஏணியில் ஒருவர் நிற்க, கீழே நால்வர் வண்ணம் கலக்க, அயல்வீட்டார் தேநீர் கொண்டுவர, பகல் முழுவதும் நடந்தது. கைத்திறன் ஏற்ற இறக்கமாக இருந்தது, உற்சாகம் உண்மையானது. ஆனால் இத்தனை சாவகாசமாக ஒரு பொதுச் சுவரில் எழுத யாருக்கு முடியும் என்ற கேள்வியை அந்த ஏணியே கேட்டது. நான் நின்று பார்த்தவற்றில் படைவீரர் பலர் இருந்தார்கள், தமிழ் எழுத்து அரிதாகவே இருந்தது.

மூன்றாவது வகை அனுமதி ஒன்றையும் சொல்லவேண்டும். கொம்பனித்தெருவில் ஃபிரி ரஹ்மானும் நண்பர்களும் 2018இல் தொடங்கிய 'வீ ஆர் ஃப்ரம் ஹியர்' அரசையும் கேட்கவில்லை, இரவையும் நம்பவில்லை. வானுயர் கட்டடங்கள் நெருக்கும் ஒழுங்கைகளில் வாழ்பவர்களின் கதைகளைக் கேட்டு, அவர்களுடைய சுவரில் அவர்களுக்காகவே கீறினார்கள். வீட்டுக்காரர் கதவைத் திறந்து "அந்தப் பக்கத்திலயும் கீறுங்கோ" என்றால் கலைஞருக்கு நேரக் கணக்கே இல்லாமல் போகிறது.

2022இல் ஜனாதிபதி கோட்டாபயவுக்கு எதிராகக் காலிமுகத்திடலில் கூடினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி தொடங்கிய 'கோட்டா கோ கம'வில் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் இருந்தது: அட்டைப் பெட்டியில் தடித்த பேனா, துணியில் எனாமல், தார் வீதியில் சுண்ணாம்பு, தகட்டின் மேல் ஸ்ப்ரே. எல்லாவற்றிலும் புதிது ஒளி. ஜனாதிபதி செயலகத்தின் பழைய நாடாளுமன்றத் தூண்களின் மேல் இரவில் புரொஜெக்டரால் வாசகங்களை வீசினார்கள். வெளிச்சம் சுவரைத் தொடுவதில்லை. சிதைத்தார் என்று வழக்குப் போடச் சான்றாக ஒரு கறையும் இராது. எழுத ஒரு விநாடி, அழிக்கவும் ஒரு விநாடி. அந்த மே 18ஆம் திகதி அதே திடலில், போரின் முடிவில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. யூலை 22 விடியற்காலையில் படையினர் வந்து கூடாரங்களைப் பிரித்தார்கள்.

பிறகு வழக்கம்போல் வெள்ளையடிப்பு. இதிலும் ஒரு தொழில் இருக்கிறது, பெயின்ற் பாஸ்மாரிடம் கேட்டால் சொல்வார்கள். பசைத்தாள் ஊறவைத்தால் வரும். ஸ்ப்ரேயைத் தின்னர் போட்டுத் துடைக்கலாம், நிழல் கொஞ்சம் நிற்கும். தடித்த பேனாவின் மை எமல்ஷனுக்குள்ளால் ஊதாவாக ஊறி வரும். முதலில் ஒரு சீலர் அடிக்கவேண்டும். மோசமானது தார். அதன்மேல் இரண்டு கோட், மூன்று கோட் வெள்ளை அடித்தாலும் பெயின்றின் கரைப்பானில் அதுவும் கொஞ்சம் இளகி, வெயில் பட்டபின் மண்ணிறமாக மேலே வந்துவிடும். அலுமினியப் பெயின்றோ அரக்கோ அடித்துச் சிலர் தடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெயின்ற் பாஸ் தூரிகையை வைத்துவிட்டு மேசனைக் கூப்பிடுவார். மேசன் அந்த இடத்துப் பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தியெடுத்து, சீமெந்து குழைத்துப் புதிதாகப் பூசுவார். அது காய ஒரு மாதம் விடவேண்டும். பச்சைச் சீமெந்தின்மேல் எனாமல் நிற்காது.